சோப்பு போட்டுக் குளித்துவிட்டுப் போன கமாண்டோ

என் பிரியமான அப்பாவுக்கு,

இதை எழுதத்தான் வேண்டுமா என்று பூஜை விடுமுறை முழுக்க யோசித்தேன். நாலு பேர் முன்னால் உங்களைப் புகழ்ந்தவள் நான். அதனால் இதையும் நாலு பேர் படிக்கிற இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவின் முட்டிவலி இப்போது தேவலை. லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு லிஃப்ட் இன்னும் வந்தபாடில்லை. கீழ்வீட்டு வங்காளி மாமா மித்ரா காகு இப்போதும் உங்களைக் 'கமாண்டோ பாபு' என்றுதான் சொல்கிறார். முன்பெல்லாம் கேட்கப் பெருமையாக இருக்கும். இப்போது அவர் குரல் கேட்டாலே தலையைக் குனிந்துகொண்டு படியேறிவிடுகிறேன்.

நீங்கள் கண்மூடும் முன் எழுதி முடித்த புத்தகத்தின் முதல் பதிப்பு தீர்ந்துவிட்டது. அடுத்ததை உடனே அச்சுக்கு அனுப்ப வேண்டும் என்று பதிப்பாளர் ஒற்றைக் காலில் நின்றார். அதையொட்டி இங்கே தமிழ் நண்பர்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். பேசியது நான்தான். எதைப் பற்றித் தெரியுமா? சிறப்புப் படை வீரர்கள் எழுதும் நினைவுக் குறிப்புகளில் எதை நம்புவது, எதை நம்பக்கூடாது என்று.

விளாசித் தள்ளினேன், அப்பா. ஒற்றை ஆளாக ஒரு முகாமையே அழித்தேன் என்று எழுதினால் நம்பாதீர்கள் என்றேன். கேள்வி கேட்டால் 'அது ரகசியம்' என்று நழுவுகிறவரையும் நம்பாதீர்கள் என்றேன். சின்னச் சின்ன விவரம் சொல்கிறவரை மட்டும் நம்பலாம், அதையெல்லாம் யாரும் கற்பனை செய்ய முடியாது என்று அடித்துச் சொன்னேன். உதாரணத்துக்கு உங்கள் ஏழாம் அத்தியாயத்தை எடுத்தேன். வடகிழக்குக் காட்டுக்குள் புறப்படும் முன் சோப்பு போட்டுக் குளித்து, தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, அம்மா தபாலில் அனுப்பிய விபூதியை இட்டுக்கொண்டீர்களே, அந்தப் பக்கம். பிறகு காலில் குண்டடிபட்ட சேகர் மாமாவை முதுகில் சுமந்து ஓடையைக் கடந்தீர்களே, அதையும் படித்தேன்.

அந்தச் சேகர் மாமா முன்வரிசையில்தான் இருந்தார். ராணுவத்திலிருந்து வந்து ரயில்வேயில் சேர்ந்து, இங்கே பக்கத்துச் சாந்த்ராகாச்சியிலேயே தங்கிவிட்டவர். நீங்களே சாட்சி சொல்லுங்கள் மாமா என்று மைக்கை அவர் கையில் திணித்தேன். நல்ல மனுஷன் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். என்ன அடக்கம் என்று நான் அதற்கும் கைதட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். கொடுத்த டீயைத் தொடாமல் பேசினார்.

"காட்டுக்குள்ள போறதுக்குப் பல நாள் முன்னாடியே சோப்பு, எண்ணெய் எதையும் தொடக்கூடாதும்மா. வாசனையே காட்டிக் குடுத்துடும். போய்ட்டு வந்தவன் எவனும் அப்படி எழுத மாட்டான்."

அப்படியானால் அப்பா, என்று இழுத்தேன்.

"அவரு வரலம்மா. காய்ச்சல்ல கேம்ப்ல படுத்திருந்தாரு. என்னத் தூக்குனது அந்தோணி. ஓடையத் தாண்டி என்ன எறக்கி வச்சிட்டு, இன்னொருத்தனத் தூக்கப் போனான். திரும்பி வரல."

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். காலில் கட்டோடு கிடந்தவரை ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டது நீங்களாம். அந்த நன்றியில் வாயைத் திறக்க மனசு வரவில்லையாம். நான் மைக்கை நீட்டிய பிறகுதான் அவருக்குத் தூக்கம் போய்விட்டதாம். அந்தோணியின் தங்கை வேலூர்ப் பக்கம் இருக்கிறாராம்.

வெட்கமாக இருக்கிறது, அப்பா. காய்ச்சலில் படுத்ததற்காக இல்லை, அது யாருக்கும் வரும். செத்துப்போன ஒருவர் செய்ததை உங்கள் பெயரில் எழுதிக்கொண்டீர்களே, அதற்காக. புத்தகம் முழுக்க அந்தோணி என்ற பெயரைத் தேடினேன். ஓர் இடத்தில்கூட இல்லை. எப்படி மனசு வந்தது? யாருக்காக எழுதினீர்கள்? சின்ன வயதில் சண்டைக் கதை சொல்லச் சொல்லி உங்களை நச்சரித்தேனே, எனக்காகவா?

அம்மாவிடம் சொன்னேன்.

"போனவர் பேரைக் கெடுத்து நீ என்னடி சாதிக்கப்போற?" என்றாள். அதற்கப்புறம் என்னோடு அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்தோணியின் பெயரும் ஒரு பெயர்தானே என்று மட்டும் தோன்றுகிறது.

அச்சை நிறுத்தச் சொல்லிவிட்டேன். சேகர் மாமா சொல்லச் சொல்ல ஏழாம் அத்தியாயத்தைப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறேன். 'அன்று என் அப்பா காய்ச்சலோடு முகாமில் இருந்தார்' என்று தொடங்குகிறது. உங்களைப் பற்றி நான் எழுதியதிலேயே சந்தேகமில்லாமல் எழுதிய வரி அதுதான்.

முதல் பிரதியை நானே கொண்டுபோய் அந்தோணியின் தங்கையிடம் கொடுப்பேன். நீ யார் மகள் என்று அவர் கேட்பார். மறைக்காமல் உங்கள் பெயரைச் சொல்வேன், அப்பா. இது சத்தியம்.

தலைகுனிந்தபடி, இப்போதும் உங்கள் மகளாகவே,
வசந்தி