சாக்கரின் போட்ட பால்

1946 ஜூன் 3, திங்கள்
ரேஷன் கடையில் இந்த வாரமும் சர்க்கரை அரைகுறைதான். டைபாய்டு ஜுரத்துக்குப் பிறகு என் பெண்சாதி நீலாவுக்குப் பால் வற்றிவிட்டது. நாலு மாதப் பிள்ளைக்குப் பசும்பாலில் பாதி தண்ணீர் விட்டு, சர்க்கரை கரைத்துத்தான் கொடுக்கிறோம். துறைமுகத்தில் கூட வேலை செய்யும் தேசப்பனிடம் புலம்பினேன். கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கிய சாக்கரின் மாத்திரை பாட்டிலைக் கையில் திணித்தான். ஒரு மாத்திரை போட்டால் டம்ளர் முழுக்க இனிப்பு! இனி மாத்திரை பையனுக்கு, ரேஷன் சர்க்கரை என் காப்பிக்கு. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜூன் 5
என் அக்கா முத்தம்மா வந்து ஒரே ரகளை. "இன்னாடா இது? ரோடு போடற தாருல செய்யறாங்களாமே! புள்ளைக்கு வெசத்தக் குடுத்துகினு கீறியே!" நீலா பயந்துபோய் என் முகத்தைப் பார்க்கிறாள். தாரிலிருந்து இனிப்பா? யாரைக் கேட்பது?

ஜூன் 6
நானே விழுங்கிப் பார்த்தேன் — வெறும் வாயில் நாலு மாத்திரை.

ஜூன் 9
மயக்கம் இல்லை, வயிற்றுவலி இல்லை. அக்காவிடம் மார்தட்டினேன். "உனுக்கு இன்னா, கல்லத் துன்னாலும் செரிக்கும்" என்றாள். பையனோ சங்கில் ஊற்ற ஊற்றக் குடிக்கிறான்.

ஜூன் 24
நீலா அவன் அரைஞாண் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். போன வாரமும் இறுக்கினாளாம். வாந்தி இல்லை, பேதி இல்லை, பாலையும் மிச்சம் வைப்பதில்லை — பிறகு ஏன் இளைக்கிறான்? அக்கா சொன்னது நெசமா? அப்போ எனக்கு ஏன் ஒண்ணும் ஆவல? புள்ள போயிட்டா நான் இன்னா செய்வேன்?

ஜூன் 25
ஆஸ்பத்திரி. டாக்டரம்மா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விஷமா என்றேன். "விஷமில்லை. ஆனா சாப்பாடும் இல்லை. சர்க்கரை உடம்புல சேரும், இது நாக்கோட சரி. பாதி தண்ணிப் பாலை வெச்சுக்கிட்டு குழந்தை பட்டினி கிடக்குது. தண்ணியக் குறைங்க, சர்க்கரையே போடுங்க."

பட்டினியா? வயிறு முட்டக் குடித்தானே! இன்னும் எனக்கு விளங்கவில்லை. அவன் சர்க்கரையை நான் காப்பியில் குடித்திருக்கிறேன், அது மட்டும் விளங்குகிறது. டிராமில் எல்லோர் எதிரிலும் அழுதேன்.

ஜூன் 26
மாத்திரை இனி என் காப்பிக்கு. வாயில் வைக்க முடியவில்லை.

ஜூலை 28, ஞாயிறு
நீலா பையனின் அரைஞாண் கயிற்றை இரண்டு தரம் தளர்த்திக் கட்டிவிட்டாள். தேசப்பன் வீட்டுக்கு வந்தான். அவன் பெண்சாதி முழுகாமல் இருக்கிறாளாம். "அந்த மாத்திரை நல்லதா கெட்டதா, மாமு?" என்றான். டாக்டரம்மாவைக் கேள் என்றேன். பேச்சு நடக்கும்போதே மடியில் கிடந்த பையன் என் மீசையைப் பிடித்து இழுத்தான். நல்ல வலி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கைய எடுத்து வுடு மாமு" என்று தேசப்பன் சிரித்தான். நான் எடுத்துவிடவில்லை.