என் அறைக்கு வந்த வைஃபை

செவ்வாய், இரவு.

ரவுட்டர் இடம் மாறிவிட்டது. இத்தனை நாள் முன்னறையில் இரும்பு பீரோவை ஒட்டி இருந்ததால் என் அறைக்குச் சிக்னலே வராது. மஸ்கட்டிலிருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டால், அத்தை மாமா முன்னால் உட்கார்ந்துதான் பேச வேண்டும். "சாப்பிட்டீங்களா?"வுக்கு மேல் எனக்கு வார்த்தை வராது.

இன்று இன்டர்நெட்காரர் வந்து, "இத எங்கன மாட்டணும்?" என்று கேட்டார். கூச்சத்தில் நான் அத்தையைப் பார்த்தேன். அத்தைதான் சொன்னார்: "மருமவ ரூமுல மாட்டுப்பா."

சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு அவரை வீடியோவில் கூப்பிட்டேன். படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"இப்ப யாரும் இல்லல்லா? ஏதாவது சொல்லுட்டி" என்றார். எவ்வளவோ நினைத்து வைத்திருந்தேன்.

"சாப்பிட்டீங்களா?" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பு, பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தையும் மீறி முன்னறைக்குக் கேட்டிருக்கும். அங்கே அத்தை டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.