பதினான்கு மெட்டுகளும் ஒரு சீட்டும்

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், அப்பாவும் நலம், காதைத் தவிர. முப்பது வருடம் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவர், வலது காது போனது உனக்குத் தெரியும், இடதும் மெல்லப் போய்விடும் என்று போன வாரம் டாக்டர் சொல்லிவிட்டார், காதில் மிஷின் வைத்தால் பேச்சு புரியுமாம், பாட்டு பழையபடி கேட்காதாம். நான் திட்டுவது மட்டும் மிஷின் இல்லாமலே தெளிவாகக் கேட்கிறது என்று டாக்டரிடமே சொல்லிச் சிரிக்கிறார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், அதைத்தான் இப்போது மீறுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் பழைய கம்ப்யூட்டரைத் துடைக்கப் போனவள் அதைத் திறந்துவிட்டேன். கேட்காமல் திறந்தது தப்புதான். உள்ளே நீ போட்டு வைத்த பதினான்கு மெட்டுகள் இருந்தன. அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு இடது காதை ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்துக்கொண்டார். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் அழகாகப் போய், சட்டென்று நின்றுவிடுகிறது. முதல் மெட்டு நின்றதும் என்னைப் பார்த்து, "முடிஞ்சுடுச்சா, இல்ல எனக்குத்தான் கேக்கலையா?" என்றார். பதினான்கு தடவையும் அதே கேள்வி. நீ இன்னும் முடிக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் தலையை மட்டும் ஆட்டினேன்.

உனக்குப் பதினைந்து வயதில் அப்பாவின் அச்சக முதலாளி குடும்பத்தோடு நம் வீட்டுக்கு வந்திருந்தபோது நீயாகவே கீபோர்டைத் தூக்கிவந்து வாசித்தாய். நடுவில் தடுமாறினாய். "கை தைக்காத சட்டையை யாராவது வெளிய குடுப்பாங்களா? முழுசா முடிச்சுட்டு வந்து வாசி" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர்கள் சிரித்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கு, உன் பாட்டை நான் கேட்கவே இல்லை. அதன் பிறகு நீ யாருக்கும் வாசிக்கவில்லை. அப்பா கேட்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் சரிசெய்ய வேண்டும் என்கிறாய்.

அன்று ஒன்றை உனக்குச் சொல்லாமல் விட்டேன். என் தையல் கடையிலிருந்து குறையில்லாமல் ஒரு துணிகூடப் போனதில்லை. ஒரு கை அரை விரல் ஏறியிருக்கும், எனக்கு மட்டும் தெரியும். ஆனாலும் போகும், ஏனென்றால் அதில் பெயரும் கொடுக்க வேண்டிய தேதியும் எழுதிய சீட்டு குத்தியிருக்கும். எனக்கென்று ஆறு வருடம் முன்பு வெட்டிய ரவிக்கைக்குச் சீட்டு கிடையாது, அது இன்னும் கையில்லாமல் பெட்டியில் கிடக்கிறது.

ஏதாவது ஒன்றை முடித்துவிடு கண்ணு, குழாய் சொட்டுவது போல ஆரம்பிக்கிறதே, அதை அப்பா இரண்டு முறை போடச் சொன்னார். குறை இருந்தால் இருக்கட்டும். முதலில் அவருக்கு அனுப்பு, பிறகு ஊரே கேட்கட்டும். நன்றாக இருக்கிறதா என்று என்னிடம் கேட்காதே. அது முடியும்போது, முடிந்தது என்று அவருக்குத் தெரிந்தால் போதும்.

எந்தக் குறையும் இல்லாமல் இரு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. இதோடு கடைச் சீட்டு ஒன்று குத்தியிருக்கிறேன், பெயர் இருக்கும் இடத்தில் அப்பா என்று எழுதிவிட்டேன், தேதியை நீ போடு.

உன்
அம்மா