நடுவில் விட்ட தண்ணீர்

நேற்று கராஜில் அந்தச் சாக்கை அவிழ்த்ததும் சேறும் ரப்பரும் கலந்த மணம் முகத்தில் அடித்தது. உன் பொம்மை வாத்துகள்; உண்மை வாத்துகளை ஏமாற்றி இறக்க நீ குளத்தில் மிதக்கவிடுபவை. ஒவ்வொன்றின் வயிற்றிலும் நூலைச் சுற்றி, நுனியில் ஈயக்குண்டைச் செருகி, நீ வைத்தபடியே இருந்தன. வாத்து வேட்டைக்காலம் பிறந்துவிட்டது. வீட்டுக்குள் உன் கதிரை வெறுமையாகத் தெரியக்கூடாதென்று துவைத்த துணிகளை அதில் குவித்து வைத்திருக்கிறேன். கராஜுக்கு அப்படி ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

மச்சம் மாமிசம் தொடாத எனக்கு வேட்டைத் துவக்கோடு திரிகிற மனைவி வாய்த்ததை நாம் குடியேறிய பிளாக்ஹவுஸ் பே பகுதியில் நம் ஆட்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஒனிஹங்காவில் உன்னோடு வேலை செய்தவர்கள் ஒருநாள் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதோடு உனக்குப் பைத்தியம் பிடித்தது. வாத்துக் கறி சமைக்கக் கராஜில் தனி அடுப்பு. சண்டை போட்டுத்தான் அந்த ஒப்பந்தத்துக்கு வந்தோம்.

போன வருடம் மருந்து ஏற்றி ஏற்றி நீ மெலிந்துபோயிருந்தாய். குளிர்ந்த தண்ணீரில் இறங்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"ஒருக்கா, ஒரேயொருக்கா அதுகள் என்ர கண்ணுக்கு முன்னால இறங்கிறதைப் பாக்கவேணும்" என்றாய். அது கடைசி என்று இருவருக்கும் தெரியும்.

அதனால் உன் ரப்பர் காற்சட்டையை நெஞ்சுவரை இழுத்து மாட்டிக்கொண்டு, மனுக்காவ் கடற்கரையோரப் பண்ணைக் குளத்தில் நான் இறங்கினேன். விடியும் நேரம். நீ நாணல் மறைப்புக்குள் போர்வையோடு இருந்தாய், துவக்கு மடியில். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பொம்மைகளை வரிசை வரிசையாக, நெருக்கமாக மிதக்கவிட்டேன்.

"இஞ்சாருங்கோ, உதென்ன பள்ளிக்கூட அசெம்பிளியே?"

"வடிவாத்தானே இருக்கு."

"வடிவு ஆருக்கு வேணும்? மேல வாற வாத்து எங்க இறங்கிறது? நடுவில தண்ணியை வெறுமையா விடுங்கோ."

குளிரில் பல்லுக் கிடுகிடுக்க, எல்லாவற்றையும் கலைத்து இரண்டு கூட்டமாகப் பிரித்துவிட்டேன். நடுவில் வெறும் தண்ணீர். காற்று அடித்ததும் பொம்மைகள் ஆடத் தொடங்கின; மிதக்கவிட்ட எனக்கே அவை உயிருள்ளவையாகத் தெரிந்தன.

கரையேறி மறைப்புக்குள் உன் பக்கத்தில் இருந்துகொண்டேன். பிறகு வாத்துகள் வந்தன. முதலில் தலைக்கு மேல் சிறகுச் சத்தம் மட்டும். ஒரு சுற்றுச் சுற்றித் தூரப் போயின. அவ்வளவுதான் என்று நினைத்தேன். உன் கை என் முழங்கையை இறுகப் பிடித்தது. காற்றுக்கு எதிராகத் திரும்பி, விரித்த சிறகை அசைக்காமல், செம்மஞ்சள் கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு, அத்தனையும் அந்த வெறும் தண்ணீரில் இறங்கின. கோயிலில் திரை விலகும்போதுகூட எனக்கு அப்படி மெய்சிலிர்த்ததில்லை. வானம் முழுதும் கிடக்க, நாம் விட்ட அந்தச் சின்ன இடத்துக்கு வந்தன!

துவக்கு உன் மடியிலேயே கிடந்தது.

"ஏன் சுடேல்லை?"

"மறந்துபோனன்" என்றாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு. எத்தனை வருட வேட்டைக்காரி நீ!

இன்று விடிய அதே குளத்துக்குத் தனியாகப் போனேன். துவக்கு இல்லை. பொம்மைகளைப் பிரித்து விட்டு, நடுவில் தண்ணீரை விட்டேன். வந்தன. அதே மாதிரி, ஒவ்வொன்றாகக் கால் நீட்டி இறங்கின. "பாத்தியே?" என்று பக்கத்தில் திரும்பிச் சத்தமாகக் கேட்டுவிட்டேன். அத்தனையும் எழுந்து பறந்துவிட்டன.

வீட்டுக்கு வந்ததும் உன் கதிரையில் கிடந்த துணிகளை மடித்து அலுமாரியில் வைத்தேன். கதிரை இனி அப்படியே இருக்கட்டும்.