கார்டு மட்டும் போதும் என்றேன்

26.6.2006, திங்கள்

பெரம்பலூர் கடைக்காரர் வாங்கும்போதே சொன்னார். "இந்தக் கிராபிக்ஸ் கார்டு கரண்ட் ஜாஸ்தி இழுக்குங்க. ஒங்க பழைய பவர் சப்ளை தாங்காது. சேத்து மாத்திடுங்க, இல்லாட்டி சின்னக் கார்டா எடுத்துக்கங்க." இரண்டையும் மாற்றக் கையில் பணமில்லை. சின்னக் கார்டில் மனம் ஒட்டவில்லை. கல்யாண வீடியோவில் பூ பறக்க வேண்டும், மாப்பிள்ளையும் பொண்ணும் நிலாவுக்குள் தெரிய வேண்டும் என்று பெரிய கார்டை மட்டும் வாங்கி வந்தேன்.

இன்று மத்தியானம் பவர் சப்ளை டப்பென்று வெடித்தது. ஹார்டு டிஸ்க்கும் கூடவே போய்விட்டது. திருச்சி ரிப்பேர் கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன், கையை விரித்துவிட்டார்கள். ஆண்டிமடம் கல்யாணம் முழுக்க அதில்தான் இருந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றியதும் கேசட்டை அடுத்த வேலைக்கு எடுத்துக்கொள்வதுதான் எங்கள் தொழிலில் வழக்கம். அந்தக் கேசட்டின் மேலேயே நேற்று கல்லங்குறிச்சிக் கோயிலில் ஒரு காதுகுத்தை எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் அந்தக் கல்யாணப் பெண் போன் செய்தாள். அவள் அப்பா போன வாரம் தவறிவிட்டாராம்.

"கிராபிக்ஸெல்லாம் ஒண்ணும் வேணாம்ணே. பந்தியில அப்பா எல்லாரையும் சாப்புடுங்க, சாப்புடுங்கன்னு சொல்லிக்கிட்டே நிப்பாருல்ல, அது மட்டும் இருந்தாப் போதும். காரியத்தன்னைக்குப் போட்டுப் பாக்கணும்."

"இருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். வாயில் அதுதான் வந்தது.

போனை வைத்துவிட்டு, கார்டைக் கழற்றி பக்கத்துக் கடை கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அருமையாக ஓடுகிறது.