தண்ணீரைத் தாண்டவிடாத மூன்று மட்டைகள்

என்னங்க,

நீங்கள் இல்லாமல் வந்த முதல் சீசன் இது. கடையைத் திறந்துவிட்டேன். நம் மகள் நித்யா கல்லூரி லீவில் வந்து கூட நிற்கிறாள். கொடைக்கானல் ஏரி ரோட்டில் கூட்டத்துக்குக் குறைவில்லை. மழை பிடித்துக்கொண்டால், படகுக்காக நின்ற ஜனம் அப்படியே நம் கடைக்குள் ஒதுங்குகிறது. வருகிறவர்களில் சிலர் உங்களைத்தான் முதலில் கேட்கிறார்கள். நீங்கள் போய்ச் சேர்ந்ததைச் சொன்னதும் உங்கள் படத்தைத் தேடிப் பார்க்கிறார்கள்.

இப்படி நல்ல செய்திகளாக எழுதி முடிக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. உங்களைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டேன். அதிலிருந்து நான் நானாக இல்லை. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, சாப்பிட்டேனா இல்லையா என்று தெரியாமல் எழுந்துவிடுகிறேன். உங்கள் படத்தின் முன்னால் நின்று தனியாகக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் இது நமக்குள் முடிகிற விஷயம் இல்லை. நம் கடையில் காசு கொடுத்து விளையாடிய எல்லோருக்கும் இதில் பங்கு இருக்கிறது. அதனால்தான் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

கடையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு அறை. சுவர் முழுக்க ஒரு பெரிய திரை. அதில் கோல்ஃப் விளையாட்டு. ரிமோட்டைக் கையில் பிடித்து வீசினால், திரையில் நிற்கிற ஆள் மட்டையை வீசுவான். குழந்தைகளுக்கென்று எளிதான ஆட்டங்கள் உண்டு. ஆனால் எல்லோரும் கேட்டு வருவது பந்தய ஆட்டம். இந்தக் கரையில் நின்று அடிக்க வேண்டும். நடுவில் ஒரு குளம். அந்தக் கரையில் கொடியும், கொடியைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டமும். மூன்று மட்டைகளில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே அடியில் பந்து குளத்தைத் தாண்டி வட்டத்துக்குள் நின்றால், மேலே தொங்குகிற கியர் சைக்கிள் அவர்களுக்கு. தண்ணீரில் விழுந்தால் கை நிறைய சாக்லேட்.

யாருக்கும் அந்தச் சைக்கிள் விழவில்லை. கஷ்டமான ஆட்டம், அதனால்தான் விழவில்லை என்று நான் நம்பினேன். பந்து எதிர்க்கரை ஓரம் வரை போய்த் தண்ணீரில் விழும். கூட நிற்கிறவர்கள் எல்லாம் ஐயோ என்று பெருமூச்சு விடுவார்கள். நீங்கள் அவர்கள் தோளில் தட்டி, இவ்வளவு தூரம் வந்தாச்சு, அடுத்த அடியில் தாண்டிரும் என்பீர்கள். அவர்களும் மறுபடி காசை எடுப்பார்கள். நீங்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் கடையைப் பார்த்துக்கொண்ட நானும் அதே வார்த்தையைத்தான் சொன்னேன். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

இந்தச் சீசனில் ஒருநாள் ஈரோட்டிலிருந்து ஒரு புதுமணத் தம்பதி வந்தார்கள். அந்தப் பையனுக்கு இடது கைப் பழக்கம். மட்டையை இடது கைக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டான். எனக்குத் தெரியாது. அந்த மாதிரி யாராவது வந்தால் நீங்கள்தானே மாற்றிக் கொடுப்பீர்கள். என்னை டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு மாற்றுவீர்கள். அதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது யோசிக்கிறேன்.

நித்யா ரிமோட்டை வாங்கி, திரையில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்தாள். கடைசியில் மட்டைகளின் செட்டிங்ஸ் வந்தது. ஒவ்வொரு மட்டைக்கும் தனித்தனியாகக் கோடுகள். பந்து எவ்வளவு தூரம் போக வேண்டும், எவ்வளவு உயரம் எழும்ப வேண்டும், எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று எல்லாவற்றையும் நாமே கூட்டலாம், குறைக்கலாம். இடது கைக்கான இடத்தை அவள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வரவில்லை. கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்ன புள்ள, வெரசா குடு. அவுக நிக்கிறாங்கல்ல” என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அம்மா, மத்த மட்டையெல்லாம் கம்பெனி வச்ச மாதிரியே கெடக்கு. பந்தய ஆட்டத்துக்குக் குடுக்கிற மூணுல மட்டும் தூரத்தக் கொறச்சிருக்கு. இத வச்சு யாரு எப்படி அடிச்சாலும் பந்து தாண்டாது.”

எனக்கு முதலில் புரியவில்லை. ஏதோ பழுது, கம்பெனிக்குப் போன் போடலாம் என்றேன். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். பழுதென்றால் எல்லா மட்டையிலும் இருக்கும், இது உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வைத்தது என்றாள். குளத்தில் முக்கால்வாசிக்கு மேல் போக வேண்டும், எதிர்க்கரையைத் தொடக் கூடாது. மூன்று மட்டையிலும் அந்த அளவு பிசகாமல் இருந்தது.

அந்தப் பையன் பின்னால் நின்று சிரித்த முகமாகக் காத்துக்கொண்டிருந்தான். நான் என்ன செய்திருக்க வேண்டும், சொல்லுங்கள். மூன்றையும் கம்பெனி அளவுக்கே மாற்றச் சொன்னேன். நித்யா மாற்றினாள். அவன் வீசினான்.

பந்து தண்ணீரைத் தாண்டியது.

வட்டத்துக்கு வெளியே போய்த்தான் விழுந்தது. ஆனால் தாண்டியது. சைக்கிளை மாட்டிய பிறகு நம் கடையில் ஒரு பந்து அந்தக் குளத்தைத் தாண்டி நான் பார்த்ததே இல்லை. புல்லில் அது உருண்டு நின்றது. அந்தப் பெண் கைதட்டினாள். முதல் தடவையிலேயே தாண்டிவிட்டார் பார்த்தீர்களா என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள். 

அவர்கள் போனதும், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம்.  நித்யாதான் முதலில் பேசினாள்.

“சரியா மாத்தியாச்சுல்ல. இதோட விட்ரும்மா. வெளிய சொன்னா அப்பா பேரு என்னத்துக்காகும்?”

அவள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? கூடுதலாகக் கொடுத்த சில்லறையைக்கூட ஓடிப்போய்த் திருப்பிக் கொடுக்கிற மனிதர் என்றுதான் இந்த ரோடே உங்களைச் சொல்கிறது. நானும் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் உங்களோடு இத்தனை காலம் நிமிர்ந்து நடந்தேன். அந்த மனிதரும், இந்தக் கோடுகளை இழுத்து வைத்த மனிதரும் ஒரே ஆளா? எப்போது செய்தீர்கள்? சைக்கிளை வாங்கி மாட்டிய அன்றைக்கேவா? ஒரு சீசன் மட்டும் சமாளிக்கலாம் என்று ஆரம்பித்துப் பிறகு விட முடியவில்லையா? முதலில் சாக்லேட் டப்பா மட்டும் பரிசாக வைத்திருந்தபோது எத்தனையோ பேர் ஜெயித்தார்கள். கூட்டிக்கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டுவீர்களே. அந்தச் சந்தோஷம் பொய் இல்லை. அது எனக்குத் தெரியும். அப்புறம் என்ன ஆனது?

நித்யா சொன்னபடியே விட்டிருப்பேன். சுற்றுலா வந்தவர்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள், மறந்திருப்பார்கள் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டிருப்பேன். ஆனால் பாண்டி இருக்கிறாரே.

உங்களை அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டு கூடவே கிடந்த ஜீப் டிரைவர் பாண்டி. மேலே கூக்கால், கவுஞ்சி கிராமங்களுக்கு ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பினால், வீட்டுக்குப் போகும்முன் நம் கடையில் ஓர் ஆட்டம் ஆடாமல் போக மாட்டார். மகள் கேட்டாள் என்று அந்தச் சைக்கிளுக்காக ஆரம்பித்தார். மகள் வளர்ந்து, நர்ஸ் படிப்புக்கு மதுரைக்கே போய்விட்டாள். இவர் விடவில்லை. எப்படி நின்றால் பந்து கூடுதலாகப் போகும் என்று மாற்றி மாற்றி நின்று பார்ப்பார். எனக்கு வேகம் பத்தலண்ணே என்று தன்னையே குறை சொல்லிக்கொள்வார். நீங்கள் பக்கத்தில் நின்று, முழங்கையை மடக்காதே என்று சொல்லிக்கொடுத்தீர்கள். எப்படிச் சொல்லிக்கொடுக்க முடிந்தது உங்களால்?

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் விழுந்த அன்றைக்கு ஜீப்பை ஓட்டியது அவர்தான். பனிமூட்டத்தில் எதிரே வருவது தெரியாமல், ஹாரனை விட்டுக் கையை எடுக்காமல் மலை இறங்கினார். பின் சீட்டில் உங்கள் தலை என் மடியில் இருந்தது. வத்தலக்குண்டு ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் போய்விட்டீர்கள் என்று சொன்னபோது, என்னைவிட அவர்தான் சத்தமாக அழுதார். நீங்கள் போனபிறகும் கடைப்பக்கம் வந்து, ஷட்டர் இறுகிவிட்டால் எண்ணெய் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். அந்த மனிதர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது?

நித்யாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அழுதாள், தடுக்கவில்லை. அடுத்த நாள் பாண்டி வந்தபோது உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். நித்யா செட்டிங்ஸைத் திறந்து, பழைய அளவு எது, இப்போதைய அளவு எது என்று காட்டினாள். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது. அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டேன்.

சைக்கிளை இறக்கித் தருகிறேன், எடுத்துக்கொண்டு போங்கள் தம்பி என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“என்னய என்னன்னு நெனச்சிருந்தாரு மதினி, அண்ணன்?”

அதற்குப் பதில் உங்களுக்குத்தான் தெரியும். போட்ட டீயைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

அதன்பிறகு அவர் வரவில்லை. ஜீப் கடையைத் தாண்டிப் போகும், நிற்காது. சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று எனக்கே ஆகிவிட்டது. ஒரு மனிதருக்கு இருந்த அண்ணனையும் எடுத்துவிட்டேனே என்று. நித்யா மட்டும் ஒவ்வொரு ஜீப் சத்தத்துக்கும் வாசலை எட்டிப் பார்த்தாள்.

பிறகு ஒரு காலை, கடை திறக்கும்போது வெள்ளனே வந்து நின்றார். முகம் சவரம் செய்யாமல் இருந்தது. ஜெர்கின் எல்லாம் சாரல். மன்னிப்பு, கோபம் என்று எதுவும் பேசவில்லை. கம்பெனி அளவிலேயே இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். நித்யா திறந்து காட்டினாள். மூன்று மட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிட்டு, ரிமோட்டைக் கேட்டு வாங்கினார்.

நானும் நித்யாவும் சுவரோரம் ஒதுங்கி நின்றோம். ஜெயித்துவிட வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. ஜெயித்துவிட்டால் உங்கள் கணக்கில் ஏதோ கொஞ்சம் கழிந்துவிடும் என்ற நினைப்பு. அவர் வெகுநேரம் காலைச் சரிசெய்தார். பழைய பழக்கத்தில், உடம்பில் உள்ள பலத்தையெல்லாம் திரட்டி வீசினார். பந்து குளத்தைத் தாண்டியது. கொடியையும் தாண்டியது. வட்டத்தையும் தாண்டி, பின்னால் இருந்த மரங்களுக்குள் போய் மறைந்தே போனது.

பாண்டி திரையைப் பார்த்தபடி நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நித்யா முன்னால் போனாள். அவர் திரும்பினார். கண் கலங்கித்தான் இருந்தது, ஆனால் முகம் பழைய பாண்டி முகமாக இருந்தது.

“இது நானாத் தப்பா அடிச்சது, மதினி. இது பரவால்ல” என்றார்.

நான் பதில் பேசுவதற்குள், கவுஞ்சியில் சோலி கிடக்கிறது, பூண்டு மூட்டை ஏற்ற வேண்டும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். போகும்போது உங்கள் படத்தைப் பார்த்தார். பொட்டு வைத்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கும்பிடவில்லை. வழக்கமாகக் கும்பிடுவார். அதை நான் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

எனக்கும் இன்னும் ஆறவில்லைங்க. உங்களோடு வாழ்ந்த நாட்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது உண்மையா, இது உண்மையா என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கிறது. அதுதான் இன்னும் புரியாமல் போகிறது.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது எங்கள் கடையில் அந்தப் பந்தய ஆட்டம் ஆடியிருந்தால், பந்து தாண்டாதது உங்கள் கையின் குறை இல்லை. அடுத்த அடியில் தாண்டிவிடும் என்று நானும் உங்களிடம் சொல்லியிருக்கலாம், தெரியாமல்தான் சொன்னேன். மறுபடி கொடைக்கானல் வந்தால் கடைக்கு வாருங்கள். காசு வேண்டாம். மட்டைகளின் செட்டிங்ஸை உங்கள் கண் முன்னால் திறந்து காட்டிய பிறகே ரிமோட்டைக் கையில் கொடுப்பேன். நான் இருக்கும்வரை அந்தக் கோடுகளை யாரும் தொட மாட்டார்கள்.

என்னங்க, உங்களுக்கும் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். நம் குடித்தனத்தில் எனக்குக் கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவேன். நீங்களாக வந்து, மரகதம், ஒரு வார்த்தை பேசு என்று கெஞ்சும்வரை வாயைத் திறக்க மாட்டேன். இந்த முறை நீங்கள் வந்து கெஞ்ச வழியில்லை. அதனால் நான் நிறுத்த மாட்டேன். திட்டுவேன், கேட்பேன், அழுவேன். கடை திறக்கும்போது உங்களிடம் பேசிவிட்டுத்தான் திறப்பேன். இந்தக் கோபம் தீர்கிற அன்றைக்கும் முதலில் உங்களிடம்தான் சொல்வேன்.

இன்னமும் உங்கள் மனைவியாகவே இருக்கிற,
மரகதம்