விருந்தாளிக்குப் பூட்டு

எஸ்வாத்தினி,
ஞாயிற்றுக்கிழமை

நொம்செபோவின் அப்பாவுக்கு,

நாங்கள் இங்கே நலம். சுரங்கத் தூசியில் உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? நொம்செபோவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சோளம் முழங்கால் உயரம் வந்து மழைக்கு ஏங்கி நிற்கிறது.

வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நாளை சிறை அதிகாரி என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார். சிறைச் சமையலறை வேலை போகலாம்.

அமெரிக்கா விமானத்தில் ஏற்றி நம் நாட்டுக்கு அனுப்பியவர்களைப் பற்றி ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். அவர்கள் எங்கள் சிறையில்தான் இருக்கிறார்கள். அதில் குவாங் என்று ஒரு வியட்நாம்காரர். குழந்தையிலேயே அமெரிக்கா போனவர். செய்த குற்றத்துக்கு அங்கேயே சிறையிருந்து, வெளியே வந்து, லாரி ஓட்டிப் பிழைத்தவர். நம் நாட்டின் பெயரையே விமானத்தில்தான் முதலில் கேட்டாராம். இங்கே அவர்மேல் ஒரு வழக்கும் இல்லை. வக்கீல் வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புகிறார்கள்.

மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "அரசாங்கத்தோட விருந்தாளிங்கம்மா, உனக்கென்ன?" என்றார். "விருந்தாளிய உள்ள வச்சு வெளியில பூட்டுவீங்களா? உங்க மாமியார் வந்தாலும் இப்படித்தானா?" என்றேன். "அவங்களத்தான் முதல்ல பூட்டணும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாம் இந்த ஊரில் குடியேற வந்தபோது, காணிக்கையாக ஒரு மாட்டை ஓட்டிக்கொண்டு போய் ஊர்த்தலைவரின் தொழுவத்து வாசலில் உட்கார்ந்தோமே. "பழைய ஊர்ல யாரோட சண்டை? பொய் சொன்னா மாட்ட வச்சுக்கிட்டு உன்ன விரட்டிடுவேன்" என்று உங்களை மிரட்டினார். அக்கம்பக்கத்தாரிடமும் சம்மதமா என்று கேட்டார். நாம் வாயைத் திறந்து கேட்டோம், அவர்கள் சரி என்றார்கள். இந்த மண்ணில் ஒருவர் குடியாவது அப்படித்தான். குவாங் வரட்டுமா என்று கேட்கவில்லை. அவர் வரலாமா என்று நம்மையும் யாரும் கேட்கவில்லை. ஓர் அரசாங்கம் காசைக் கொடுத்தது, இன்னொன்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கதவைப் பூட்டியது. வெட்கம்கெட்ட வியாபாரம்!

மகன் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாமல் குவாங்கின் அம்மா தவித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் என் கைபேசியை வைத்துக் கொடுத்தேன். அதுதான் என் குற்றம். போனில் அந்த அம்மா முதலில் அழுதார், பிறகு விடாமல் திட்டினார். இவர் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். அதைக் காவலர் பார்த்துவிட்டார்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் வேலை தப்பும் என்கிறார் உங்கள் அண்ணன். எழுத மாட்டேன். தெரிந்துதான் செய்தேன். கோபப்படாதீர்கள்.

உங்கள் தென்னாப்பிரிக்கப் பெர்மிட்டும் முடிந்துபோய்க் கிடக்கிறது. அங்கேயும் வேனோடு வந்து ஆட்களைப் பிடிக்கிறார்களாம். என் எண்ணைக் கைபேசியில் மட்டும் வைத்திருக்காதீர்கள், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உங்களை எந்த ஊரில் கொண்டுபோய் அடைத்தாலும், அங்கே சமையலறையில் ஒருத்தி இருப்பாள். நம் முன்னோர்கள் அவளுக்குத் துணிச்சலைக் கொடுக்கட்டும்.

உங்கள்
லாஷொங்வே